டிசம்பர் மழை, ஒரு லிட்டர்

காலை 9.10. ரமணாசிரமம் பகுதியில் ஒரு வாடகை அறை. சிந்துஜா நாற்பத்தோராவது பாட்டிலில் மீட்டரை விட்டாள். பேனா அளவு மீட்டர். தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று சொல்லும். முந்தைய நாற்பது பாட்டிலும் இருபதைத் தாண்டவில்லை. மழைத் தண்ணீர் அப்படித்தான்.

மீட்டர் 910 காட்டியது.

துடைத்துவிட்டு மறுபடி விட்டாள். 910. நோட்டைப் புரட்டினாள். மழையைப் பிடித்த அன்று எழுதியிருந்தது 14.

மற்றவை சின்ன பாட்டில்கள். இது மட்டும் ஒரு லிட்டர், போன டிசம்பர் புயலில் பெய்த மழை. தண்ணீரில் கனமான ஆக்ஸிஜனும் உண்டு, லேசானதும் உண்டு. எது எவ்வளவு என்று அளந்தால், அந்த மழை எந்தக் கடலில் எழுந்தது என்று கண்டுபிடிக்கலாம். அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சி அந்த ஒரு நாள் மழையைத்தான் நம்பியிருந்தது. பகல் ஒரு மணிக்குக் கூரியர் வண்டி வரும். இந்த வாரம் தவறினால் ஆய்வகத்தில் அடுத்த வருடம்தான் இடம்.

மாடிப் போர்ஷனில் சப்-இன்ஸ்பெக்டர் மதிவதனி குடியிருந்தார். அன்று அவருக்கு விடுமுறை. தோசைக்கல் சூடாகி முதல் கரண்டி மாவை எடுத்த நேரம். குற்றங்களுக்கு அவர் சாப்பாட்டு நேரம் எப்படித்தான் தெரியுமோ!

“மேடம், யாரோ மழைய திருடிட்டாங்க!” வாசலில் சிந்துஜா.

மதிவதனி அடுப்பை அணைத்தார்.

9.40. பூட்டு உடையவில்லை. சாவி இரண்டு. ஒன்று சிந்துஜாவிடம். இன்னொன்று கீழ்வீட்டுச் சமையலறை ஆணியில், வீட்டுக்காரர் சுப்பிரமணியிடம்.

“யார் மேல சந்தேகம்?”

“பிரகாஷ். என்கூட வேலை செய்றவரு. கட்டுரைல தன் பேரு இல்லன்னு போன வாரம் சண்டை. நேத்து நான் கீழ்பென்னாத்தூர் போயிருந்தப்போ இங்கதான் லேபிள் ஒட்டிட்டிருந்தாரு.”

10.15. பிரகாஷ் வந்தான்.

“எத்தினி மணிக்குக் கிளம்புனீங்க?”

“நாலு மணி. பூட்டிட்டு சாவிய ஆணில மாட்டிட்டேன்.”

“கோவம் இருந்துச்சா?”

“இருந்துச்சு மேடம். அதுக்குன்னு இதைக் கொட்டுவனா? புயல்ல முட்டியளவு தண்ணில நின்னு இந்த மழையப் புடிச்சதே நான்தான்.”

சிந்துஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

10.30. கீழ்வீட்டுக் குழாயில் மீட்டரைக் காட்டினார்கள். 910.

ஓய்வுபெற்ற குமாஸ்தா சுப்பிரமணி ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சரசு ஒரு வேட்டியை உதறிக் காட்டினாள்.

“பாருங்க மேடம், புது வேட்டி. நேத்து சாயங்காலம்தான் கட்டினாரு. தோச்சா முட்டிகிட்ட பொடிப்பொடியா ஓட்டை!”

“எலியா இருக்கும்” என்றார் சுப்பிரமணி, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

அப்போது கரண்ட் போனது. மின்விசிறி மட்டும் ஓடியது.

“பரவால்லியே!” என்றாள் சரசு. “ஒரு வாரமா கரண்ட் போனாலே இன்வெர்ட்டர் கீ கீன்னு கத்தும். இன்னிக்கு சத்தமே காணோம்.”

மதிவதனி மின்விசிறியைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். பிறகு சிந்துஜாவிடம் திரும்பினார்.

“மழைத்தண்ணியப் பத்தி ஐயாகிட்ட பேசினியா?”

“போன வாரம் கேட்டாரு. கிட்டத்தட்ட டிஸ்டில்டு வாட்டர் மாதிரி அங்கிள்னு சொன்னேன்.”

10.50. மதிவதனி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எல்லாரும் யார் எடுத்தான்னு பார்த்தீங்க. ஏன் திருப்பி ரொப்பி வெச்சான்னு பார்க்கல. ஆத்திரத்துல வந்தவன் கொட்டிட்டுப் போயிருப்பான். இது கழுத்து வரைக்கும் அழகா ரொப்பியிருக்கு. பொண்ணு மனசு நோகக்கூடாதுன்னு நெனைச்சவர் பண்ண வேலை. எலி பொடிப்பொடியா கடிக்காது. பேட்டரி ஆசிட் தெறிச்சா அப்பிடி ஆவும். தோய்க்கிற வரைக்கும் ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. பேட்டரில டிஸ்டில்டு வாட்டர் கொறைஞ்சா இன்வெர்ட்டர் கத்தும், இன்னிக்குக் கத்தல. ஐயா, பேட்டரிக்குத் தண்ணி ஊத்தினது நீங்கதானே?”

பேப்பர் நழுவி விழுந்தது.

“பேட்டரி கடை சாத்தியிருந்துச்சும்மா” என்றார் சுப்பிரமணி. “நாப்பத்தியோரு பாட்டில் இருக்குதே, பெருசுல எடுத்தா என்னான்னு... மழ பேஞ்சா மாத்தி ரொப்பிடலாம்னு இருந்தேன்.”

“அந்த மழை திரும்பப் பெய்யாது அங்கிள்.” சிந்துஜாவின் கண்கள் நிறைந்துவிட்டன.

சுப்பிரமணி பதறிப்போய் எழுந்தார். “முழுசும் ஊத்தலம்மா. மீதி வெச்சிருக்கேன். நல்ல தண்ணிய எதுக்கு வீணாக்கணும்?”

இன்வெர்ட்டருக்குப் பின்னாலிருந்து பழைய பேட்டரித் தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்து வந்தார். மூடி இறுக்கமாக இருந்தது. உள்ளே கால் பங்கு.

அதில் மீட்டரை உள்ளே விட சிந்துஜாவுக்குக் கை வரவில்லை. பிரகாஷ்தான் வாங்கி விட்டான்.

14.

“எவ்ளோ வேணும் லேபுக்கு?” என்றார் மதிவதனி.

“ரெண்டு ஸ்பூன் போதும் மேடம்!” சிந்துஜா அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். சுப்பிரமணி வேட்டி ஓட்டைக்கும் சேர்த்து மனைவியிடம் திட்டு வாங்கிக்கொண்டார்.

பகல் 1.00. கூரியர் வண்டி வந்தது. மாதிரிப் படிவத்தில் ‘சேகரித்தவர்’ என்ற இடத்தில் சிந்துஜா முதலில் பிரகாஷின் பெயரை எழுதினாள். தன் பெயரை அடுத்த வரியில் எழுதினாள்.

“சாரி பிரகாஷ். கட்டுரைலயும் உங்க பேரு வரும்.”

பிரகாஷ் பெட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தான்.

கரண்ட் இன்னும் வரவில்லை. டிசம்பர் மழையின் தயவில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழே உட்கார்ந்து மதிவதனி, சரசு வார்த்த நான்காவது தோசையைப் பிய்த்தார்.