மீசை போட்ட சட்டம்

பட்டப்பகலில்தான் அந்தப் பழைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். முட்டி வலியோடு காரை ஓட்டி வந்ததே பெரும்பாடு. நெஞ்சுவலி கண்ட என் தோழி சுருட்டையை இனி தனியாக விடக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அவளைக் கையோடு கூட்டிப் போக வேண்டும்.

ஒரு காலத்தில் ஊர் உலகத்தை உதறிவிட்டு இந்த வீட்டில் கும்பலாக வாழ்ந்தோம். ஓவியம், பாட்டு, நாடகம். கதவுகளைக் கழற்றி மேசையாக்கினோம். புரட்சிக்குப் பஞ்சமில்லை, பாத்திரம் கழுவத்தான் ஆள் கிடைக்காது. இருந்தது ஒரே சட்டம். 'நாங்க' என்று சொல்லக் கூடாது, 'நாம'தான். 'நாங்க' என்றால் எதிரில் நிற்பவர் வெளியாள் ஆகிவிடுவாராம். வாய் தவறியவர் தலையில் அன்றைய பாத்திரமெல்லாம் விழும்.

சட்டம் போட்ட ஓவியன் மீசை, போன வருடம் மாடியில் செத்துக் கிடந்தான். மற்றவர்கள் அதற்கு முன்பே ஒவ்வொருவராக இறந்துவிட்டார்கள். மிச்சம் அவளும் நானும்தான்.

உள்ளே ஓவியச் சாயத்தில் கலக்கும் டர்பன்டைன் வாடை.

"சாப்பிட்டியாடி?"

"நாங்க சாப்பிட்டாச்சு" என்றாள் சுருட்டை.

சிரிப்பு வந்தது. "சட்டத்த மீறிட்ட. போய்ப் பாத்திரம் கழுவு."

"நீதான் எங்கள விட்டுட்டுப் போயிட்டியே. உன்ன எப்படி நாமன்னு சொல்றது?"

சுருக்கென்று தைத்தது. "எங்களன்னா? நீ ஒருத்திதானடி இருக்க?"

"மெதுவா பேசு. தூங்கறாங்க."

அடுப்படியை எட்டிப் பார்த்தேன்.

தொட்டி நிறைய எச்சில் தட்டுகள்.

மாடியில் யாரோ இருமினார்கள். புகை பிடித்துப் பிடித்துக் கரகரத்துப்போன இருமல். அது யாருடையது என்று எனக்குத் தெரியும்.

அவள் பையை ஒரு கையிலும் அவளை மறு கையிலும் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காரில் ஏற்றினேன். அவள் முரண்டு பிடிக்காதது ஆச்சரியமாக இருந்தது.

பெரிய சாலைக்கு வந்த பிறகுதான் மூச்சே வந்தது. மகள் போனில் அழைத்தாள்.

"நாங்க கிளம்பிட்டோம்மா" என்றேன்.

பின் இருக்கையில் இருமல்.

"நாங்க இல்ல. நாம."

மகள் கேட்டாள்: "ஆம்பளக் குரல் கேக்குதே, யாரும்மா அது?"

பக்கத்தில் சுருட்டை கண்ணைத் திறக்கவே இல்லை.

"இன்னிக்குப் பாத்திரமெல்லாம் உன் தலையிலதான்டி" என்றாள்.