ஒரு நிமிட மூச்சு

பம்பின் அழுத்தமானியில் முள் சுழியத்தை நோக்கிப் பின்னால் வந்தது. அது ஹெதருக்குப் புதிதல்ல, பனிக்காலம் தொடங்கியதிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் இன்று, வந்த முள் திரும்பிப் போனது.

எஞ்சினை நிறுத்தியாயிற்று. தண்ணீர் உறிஞ்சும் வாய்க்கு மூடி போட்டு, பீய்ச்சும் வாய்களை அடைத்து, பம்புக்குள் இருந்த காற்றையெல்லாம் இழுத்தாயிற்று. இனி முள் அசையாமல் நிற்கவேண்டும். எங்காவது கசிந்தால் மெல்ல மேலேறிச் சுழியத்துக்குத் திரும்பவேண்டும். இரண்டில் ஒன்றுதான் நடக்க முடியும். இதுவோ சற்று மேலே வந்து, தயங்கி, மறுபடி கீழே இறங்கியது. இழுக்க ஆளில்லாத பம்பு, தானாக இழுத்தது.

தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள் ஹெதர் ஆக்ராய்ட். மாலை வகுப்பில் பிட்டர் வேலை படித்தவள் அவள். எதையும் வரிசை மாறாமல் செய்வாள், செய்துவிட்டு வரிசையே தப்போ என்று சந்தேகப்படுவாள். வாஷர்களைக் கழற்றிப் பார்த்தாள். போல்ட்டுகளை இறுக்கினாள். மறுபடி காற்றை இழுத்தாள்.

முள் வந்தது. போனது.

கால்டர் ஆற்றங்கரையில் மூடிக் கிடந்த கம்பளி ஆலையின் கீழ்த்தளம் அது. ஈரக் கல்லும் பழைய கம்பளி எண்ணெயும் மணத்தன. நடுவில் சீமாட்டி என்ற பழைய தீயணைப்பு வண்டி நின்றாள். பழைய தீயணைப்பு வண்டிச் சங்கத்தார் அவளை ஒரு பண்ணையின் காஞ்சொறிப் புதரிலிருந்து இழுத்து வந்தபோது, வீரர்கள் உட்காரும் இருக்கையில் கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்தன. உளுத்த மரச்சட்டங்களை மாற்றியது, சிவப்பைப் பூச்சுமேல் பூச்சாகத் தேய்த்து முகம் தெரியும்படி செய்தது, பித்தளை மணிக்கு ஒளி ஏற்றியது, எல்லாம் ஹெதர்தான். ஆனால் வண்டி சங்கத்துடையது. இன்று மாலைக்குள் பம்பு ஒரு நிமிடம் காற்றைப் பிடித்து நிற்காவிட்டால் சீமாட்டியைப் பிரித்துவிடுவது என்று கூட்டத்தில் முடிவாகியிருந்தது. பம்பு, சங்கத்தின் இன்னோர் உறுப்பினரான கார்டன் ஹெப்வொர்த்தின் வண்டிக்குப் போகும். மிச்சம் இரும்புக்கடைக்கு.

"பம்பு வேலை செய்யாட்டா அது வெறும் சிவப்பு லாரி, கண்ணு," என்று கார்டன் அந்தக் கூட்டத்தில் சிரித்தார்.

"சிவப்பு லாரியோட பம்புக்கா உங்களுக்கு இப்படி நாக்கு ஊறுது?" என்றாள் ஹெதர். எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் கை தூக்கி கார்டன் பக்கமே வாக்களித்தார்கள்.

கசிவு தேடும் பழைய வழி ஒன்று பாக்கி இருந்தது. பருத்திக் கயிற்றின் நுனியைக் கொளுத்தி அணைத்து, அந்தப் புகையை ஒவ்வோர் இணைப்பின் ஓரமாகவும் கொண்டுபோக வேண்டும். ஓட்டை இருந்தால் புகை உள்ளே சாயும். ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருக்க, கூரை இரும்பு குளிரில் சுருங்கி டிக், டிக் என்று ஒலிக்க, அவள் முழங்காலிட்டு, ஒரு மூட்டும் விடாமல் கயிற்றை நகர்த்தினாள். புகை எங்கும் சாயவில்லை, நூல் பிடித்ததுபோல நேராக ஏறியது. கயிறு அவள் முகத்துக்கு நேரே வந்தபோதுதான் சாய்ந்தது. அவள் உதட்டோரத்திலிருந்து பம்பை நோக்கி. பிறகு பம்பிலிருந்து அவள் உதட்டை நோக்கி.

கயிற்றைப் போட்டு மிதித்தாள்.

மானியைப் பார்த்தாள். மூச்சை இழுத்தாள். முள் இறங்கியது. விட்டாள், ஏறியது. வேகமாக இரண்டு மூச்சு. முள்ளும் இரண்டு துள்ளல். தற்செயல். தற்செயலாகத்தான் இருக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

முள் நின்றது.

விலா எலும்புகளுக்கு உள்ளிருந்து யாரோ மெல்ல, மிக மெல்லச் சுண்டி இழுப்பதுபோல இருந்தது. அவள் எழுந்தாள். கோட்டை எடுத்தாள். கதவுவரை போய்விட்டாள்.

வெளியே கார்டனின் லாரி திரும்பிக்கொண்டிருந்தது. பின்பக்கத்தில் பம்பைத் தூக்குவதற்கான சங்கிலியும் கொக்கியும் தயாராக ஆடின. சோதனைக்கு முன்பே கொண்டுவந்துவிட்டார்.

ஹெதர் கோட்டைத் தரையில் எறிந்தாள். திரும்பி வந்து குளிர்ந்த இரும்பில் நெற்றியை முட்டிக்கொண்டு சொன்னாள்: "மூச்சுதானே வேணும்? ஒரு நிமிஷம் எடுத்துக்கோ. கடன்தான், திருப்பித் தந்துடணும். ஆனா உன்ன அந்தாளுக்குத் தரமாட்டேன்."

முள் ஒருமுறை இறங்கி ஏறியது.

லாரிக்காகப் பெருங்கதவைத் தள்ளித் திறந்தார்கள். உறைபனிக் காற்று உள்ளே வந்தது. கார்டனுடன் சங்கத்து வெல்டர் டிரெவரும் வந்திருந்தார்.

"என்ன தாயி, பேய் அடிச்ச மாதிரி நிக்கிற?" என்றார் டிரெவர். "சாப்பிட்டியா?"

"அப்புறம் பேசலாம். ஆரம்பிங்க."

எஞ்சின் உறுமி நின்றது. முள் அடியில் போய் உட்கார்ந்தது. கார்டன் கைக்கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டார். ஹெதர் வாயை மூடினாள்.

முள் அசையவில்லை.

மார்பு எரிந்தது. காது இரைந்தது. கார்டனின் முகத்தையே முறைத்தாள். கண்ணோரம் கறுத்தது. விடமாட்டேன். மானியைப் பார். விடமாட்டேன். பிறகு எரிச்சல் நின்றது. சட்டென்று. விளக்கை அணைத்ததுபோல.

"நிமிஷம் ஆச்சு," என்றார் கார்டன், வேண்டாவெறுப்பாக.

"ஆடலையே! கல்லு மாதிரி நிக்கிறா!" டிரெவர் தொடையைத் தட்டினார். "மாலை வகுப்புப் பொண்ணு ஜெயிச்சுட்டா, கார்டன். சங்கிலிய வீட்டுக்குக் கொண்டுபோய் நாயைக் கட்டு."

ஹெதர் மூச்சை இழுத்தாள். தோள்கள் உயர்ந்தன. மார்பு விரியவில்லை. மறுபடி இழுத்தாள். எதுவும் வரவில்லை. வலியும் இல்லை. இதயம் துடித்தது, கால் தரையில் ஊன்றி நின்றது. மூச்சு மட்டும் இல்லை.

குளிரில் டிரெவரின் வாயிலிருந்து வெண்புகை. கார்டனின் வாயிலிருந்து வெண்புகை. அவள் மூக்கின் முன்னால், வெறும் காற்று.

சோதனை முடிந்ததும் பீய்ச்சும் வாயைத் திறந்து, உள்ளே பாயும் காற்றின் இழுப்பை உள்ளங்கையில் வாங்கிப் பார்ப்பது இவர்கள் வழக்கம். டிரெவர் பித்தளைப் பிடியைத் திருப்பி, ஆசையாகக் கையை வைத்தார்.

கையை வெடுக்கென்று எடுத்தார். உள்ளங்கை நனைந்திருந்தது.

"சூடா இருக்கு," என்றார்.

பித்தளை வாயிலிருந்து வெண்புகை வந்தது. நின்றது. உள்ளே போனது. மறுபடி வந்தது.

கார்டன் ஓரடி பின்வாங்கினார். அப்போதும் சங்கிலியைக் கையிலிருந்து விடவில்லை. "உள்ள என்னமோ இருக்கு. பிரிச்சுப் பாத்துடணும். ஹெதர், நீ தள்ளிக்கோ."

ஹெதர் விலகவில்லை. அவருக்கும் பம்புக்கும் நடுவில் வந்து நின்றாள். கையை விரித்தாள். அவள் உதடுகள் அசைந்தன. உதடுகளில் சத்தம் இல்லை.

அவள் முதுகுக்குப் பின்னால், பித்தளை வாயிலிருந்து, சொல்லுக்கு ஒரு வெண்புகையாக, அவளுடைய குரல் வந்தது.

"தொட்டுத்தான் பாருங்களேன், கார்டன்."