பதினாலாம் நம்பர் காட்டில் நின்றது

பார்வைமீட்பி இயந்திரம் பதினோரு நொடியில் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

"சொறிநாய். தொண்ணூற்றொரு விழுக்காடு."

டாக்டர் நப்பின்னை சுற்றி நின்றவர்களைப் பெருமையோடு பார்த்தாள். அந்தப் பெருமை அவள் உழைத்துச் சம்பாதித்தது. எந்த ஊரில் யார் ஓநாய் மனிதனைப் பார்த்ததாக அலறினாலும் அரசு அவளைத்தான் கூப்பிட்டது. ஏலகிரியில் இரண்டு காலில் நின்றது கரடி. தாளவாடியில் பல்லைக் காட்டியது கழுதைப்புலி. ஜவ்வாது மலையில் ஊரையே ஓட வைத்தது முடி உதிர்ந்த ஒரு நரி, பாவம்.

பார்த்தவர் நெற்றியில் பட்டையைக் கட்டிக்கொண்டு அந்தக் கணத்தை நினைத்தால் போதும். கண் மூளைக்கு அனுப்பியதை மட்டும் இயந்திரம் எடுத்துக்கொள்ளும். பயம் சேர்த்துவிட்ட கோரைப்பல்லையும் ஆறடி உயரத்தையும் கழித்துவிடும். மிஞ்சிய உருவத்தைத் தன் களஞ்சியத்தோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்லும். ஏழு வருடத்தில் ஒரு வழக்கில்கூட அது விழித்ததில்லை.

வால்பாறைக்கு மேலே இருந்த இந்தத் தேயிலை எஸ்டேட்டில் அப்படி ஒன்றைப் பார்த்தவள் வெள்ளத்தாய், கொழுந்து பறிப்பவள். பதினாலாம் நம்பர் தேயிலைக் காட்டில், காலை மூடுபனியில், நிமிர்ந்து நின்று அவளைத் திரும்பிப் பார்த்ததாம். அன்றிலிருந்து பெண்கள் யாரும் அங்கே வேலைக்கு இறங்கவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் சொறி பிடித்த நாய் ஒன்றே ஒன்றுதான், வெள்ளத்தாய் வளர்க்கும் சிப்பாய். பீதி கிளப்பிய விலங்கை அடையாளம் தெரிந்த அன்றே ஊசி போட்டு முடித்துவிட வேண்டும் என்பது சட்டம்.

"நாயப் புடிச்சுட்டு வாங்கப்பா," என்றார் மேனேஜர் அருமைநாயகம்.

"நில்லுங்க சார்," என்று வெள்ளத்தாய் குறுக்கே வந்தாள். "நான் சோறு போட்டு வளக்குற நாய எனக்கு அடையாளம் தெரியாதா?"

"பயத்துல அப்படித்தான்க்கா தோணும். உங்க மேல தப்பில்ல," என்றாள் நப்பின்னை.

"நான் எங்கம்மா பயந்தேன்? முப்பது வருசமா பனிக்குள்ள நின்னு கொழுந்து பறிக்கிறேன். எம் பையில ஒரு முத்தல் இலை இருந்துச்சுன்னு எவனும் சொன்னதில்ல. அந்தக் கண்ணும்மா இது!"

நப்பின்னைக்கு எரிச்சலாக இருந்தது. தன்னைப் போலவே இன்னொருத்தியும் பெருமை பேசுவதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"உங்க மிஷினு அவ்வளவு கெட்டின்னா இன்னொண்ணு கேப்போம். நேத்துக் காலையில அதே எடத்துல நான் ஒண்ணப் பாத்தேன். அது என்னன்னு எனக்குத் தெரியும். மிஷினு சொல்லட்டும்."

"தாராளமா," என்று நப்பின்னையே பட்டையைக் கட்டிவிட்டாள். மறுபடியும் பதினோரு நொடி.

"சொறிநாய். தொண்ணூற்று மூன்று விழுக்காடு."

"பாத்தியா, ரெண்டு தடவையும் உன் நாய்தான்," என்றார் மேனேஜர்.

"இல்ல சார். நேத்து டாக்டரம்மா எடத்தப் பாக்கணும்னு என் பின்னால ஏறுனாங்க. குளிருக்கு என் கம்பளியத் தலையோட போத்திக்கிட்டு, வழுக்குதுன்னு கையையும் ஊனிக்கிட்டு வந்தாங்க. திரும்பிப் பாத்தேன். அதத்தான் இப்ப நெனச்சேன்."

கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். நப்பின்னை இயந்திரத்தின் திரையைத் தன் பக்கம் திருப்பினாள். கம்பளிக்குள் கூனியிருந்தது அவளேதான். களஞ்சியத்தில் நாற்பத்திரண்டு விலங்குகள் இருந்தன, மனிதன் இல்லை. 'இவற்றில் எதுவும் இல்லை' என்று சொல்லவும் இயந்திரத்துக்கு அவள் வழி வைக்கவில்லை. எந்த மிருகம் என்று கேட்டவர்களுக்காகச் செய்த இயந்திரம், ஏதாவது ஒரு மிருகத்தைச் சொல்லித்தான் தீரும். மிருகமே இல்லாத ஒன்றைக் காட்டிச் சோதிக்க வேண்டும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

"அப்ப அந்தம்மா மொதல்ல பாத்தது என்ன மேடம்?" என்றார் மேனேஜர்.

"தெரியல சார்."

அறிக்கையிலும் தன் கைப்பட அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளத்தாய் சிப்பாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். "அப்ப அங்க நெசமாவே என்னமோ இருக்குடி," என்று பெண்கள் முணுமுணுத்தார்கள்.

"இருந்துட்டுப் போவுது. நாளைக்கு நான் முன்னால போறேன், நீங்க பின்னால வாங்க," என்றாள் வெள்ளத்தாய். பிறகு நப்பின்னையிடம் சாதாரணமாகத்தான் கேட்டாள்: "இதுக்கு முன்ன எத்தன ஊருல நாயி, நரி, கரடின்னு சொல்லுச்சும்மா இது?"

இருநூற்று ஆறு. விருது மேடைகளில் நப்பின்னை நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிவந்த எண் அது. இப்போது தலையைக் குனிந்துகொண்டு அதைச் சொன்னாள்.