குரலுக்கு ஓய்வு

நவம்பர் 12, செவ்வாய்.

இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். கண் ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த அம்மா, "வெண்மதி, எங்கடி இருக்கிற?" என்று கேட்டதும் பதில் சொல்லிவிட்டேன். என் தொண்டையைப் பார்த்த டாக்டர் பேசக் கூடாது என்றது தெரியும். பழக்கம். "இங்கதாம்மா இருக்கேன்" என்று உதடுதான் அசைந்தது. எனக்கே ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அம்மா, "தொண்ட தெறந்துக்கிச்சா? கணீர்னு கேக்குது" என்றாள். ஊசி மயக்கமாக இருக்கலாம். நான்தான் அதிகமாக யோசிக்கிறேனோ என்னவோ.

நாளை: காலை ஒன்பது மணிக்கு அம்மாவின் கண் கட்டை அவிழ்க்க வேண்டும்.

கடைசி வரியின் கீழே கோடு போட்டுவிட்டு டைரியை அலமாரியில் வைத்தாள் வெண்மதி.

குரல் போய் ஐந்து நாள் ஆகிறது. பார்த்திபன் அண்ணன் கடையில், தெருவில் வண்டி கொண்டுபோய் விற்பவர்களுக்குக் கூவல்களைப் பதிவு செய்து தருவார்கள். செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை வரை, வெங்காயமோ பழைய இரும்போ, பாதி வண்டிகளில் கூவுவது வெண்மதியின் குரல்தான். போன வாரம் சளியோடு போய், தொண்டை எரிய எரிய ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பேசிக் கொடுத்தாள். மறுநாள் காலையில் வாயைத் திறந்தால் வெறும் காற்று.

"குரல்வளை வீங்கி இருக்குதும்மா," என்றார் டாக்டர். "ஒரு வாரம் வாயே தொறக்காத. குசுகுசுன்னு பேசறது அதவிட மோசம். செருமவும் கூடாது. ஆவி புடி, தண்ணி நெறைய குடி. மூணு வாரத்துல சரியாவலன்னா விழுப்புரத்துல கேமரா உட்டுப் பாக்கணும்."

அவள் செல்போனில் தட்டிக் காட்டினாள். குரல்நாண் ஒன்று அசையாமல் போவதும், உள்ளே மரு முளைப்பதும், காசநோய் குரல்வளையில் வருவதும் உண்டு என்று படித்தேன் சார்.

அவர் சிரித்தார். "எல்லா வியாதியும் உனக்கே வேணுமா? மத்தவங்களுக்கும் கொஞ்சம் உடும்மா."

அம்மா அமிர்தவல்லிக்கு இடது கண் சிறு வயதிலேயே அம்மையில் போய்விட்டது. இப்போது வலது கண்ணிலும் கட்டு. வீட்டில் இருப்பது இரண்டே பேர்; ஒருத்திக்குப் பார்வை இல்லை, இன்னொருத்திக்குப் பேச்சு இல்லை. அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். மூன்று தட்டு தட்டினால் வெண்மதி.

"டைப்பிங் கிளாசுக்குப் போய்ட்டு வாடி. பரீச்ச வருதில்ல," என்றாள் அம்மா அன்று சாயங்காலம். "நான் தாப்பா போட்டுக்கினு படுத்துக்கறேன். எனக்கு இன்னா ஆவப் போவுது?"

கிளாஸ் விட்டபோது இருட்டிவிட்டது. மழை நின்ற தெருவில் ஈரமண் வாசனையும் எங்கோ பூண்டு தாளிக்கும் வாசனையும் கலந்து வந்தன; மின்கம்பத்து டிரான்ஸ்பார்மர் விடாமல் முனகிக்கொண்டிருந்தது; ராஜகிரி மலையின் பாறைகள் இருளோடு சேர்ந்துவிட்டதால், கோட்டை இருக்கும் இடம் வானத்தைவிடக் கொஞ்சம் கறுப்பாக மட்டும் தெரிந்தது. தெருமுனையில் செல்லப்பனின் வெங்காய ஆட்டோ நின்றிருந்தது. ஒலிபெருக்கியில் சத்தமே இல்லை.

"இன்னாம்மா, நீதான் மௌன விரதம்னா உன் ரெகார்டும் விரதமா?" என்றார் செல்லப்பன். "மதியத்துலருந்து இப்பிடித்தான். பாட்டு போட்டா பாடுது. உன் வாய்ஸ் போட்டா ஓடுது, சத்தம் வரல."

மதியம். அம்மா ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த நேரம்.

அவர் செல்போனில் சார்ஜ் குறைந்திருக்கும், ஒயர் கழன்றிருக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே நடந்தவள், வீடு நெருங்கும்போது தான் ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தாள்.

வாசலிலேயே அந்த வாசனை வந்தது. நீலகிரித் தைலம். கொதிக்கும் தண்ணீர்.

யார் ஆவி பிடிக்கிறார்கள்?

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மூன்று தட்டு தட்டினாள்.

உள்ளே அம்மாவின் பேச்சு நின்றது. "யாரு?"

மறுபடி மூன்று தட்டு.

"இன்னாடி இது," என்றாள் அம்மா, வாசல் பக்கம் திரும்பாத குரலில். "உன்ன மாதிரியே தட்டறாங்க?"

பதில் வந்தது. கணீரென்று, சளி இல்லாமல், வீக்கம் இல்லாமல். பார்த்திபன் அண்ணன் கடையில் எத்தனையோ முறை ஹெட்போனில் கேட்ட குரல்.

"யாரோ. தொறக்காதம்மா."

வெண்மதி இரண்டு கைகளாலும் கதவை அறைந்தாள். வாயைத் திறந்து அம்மா என்று கத்தினாள். காற்று. மறுபடி கத்தினாள். காற்று, ஓர் எரிச்சல், உப்புச் சுவை.

"இப்பிடி இடிக்கிறாங்களேடி. பயமா இருக்குது."

"பயப்படாத. நான் இங்கதாம்மா இருக்கேன்."

பக்கத்து ஜன்னலுக்கு ஓடினாள். விளக்கு இல்லை. சமையல் மேடையில் அடுப்பின் நீலச் சுடர் மட்டும். அதன் மேல் பாத்திரம். பாத்திரத்தின் மேல் குனிந்தபடி, தலையோடு போர்த்திய ஓர் உருவம். அவளுடைய போர்வை. அதன் ஓரங்களில் ஆவி கசிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அம்மா, கண்ணில் வெள்ளைக் கட்டோடு, அதன் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் கை நின்றது.

"இவ்ளோ ஆவியிலயும் உடம்பு ஏண்டி சில்லுனு இருக்குது?"

ஜன்னல் கம்பியை வெண்மதி தட்டினாள். மூன்று முறை.

போர்வைக்குள் தலை மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பியது. ஆவி வருவது நின்றது. பிறகு அது, அவளுடைய குரலில், அவள் கோடு போட்டு வைத்த வரியை நிதானமாகச் சொன்னது.

"நாளைக்குக் காலையில ஒம்போது மணிக்குக் கண் கட்டு அவுக்கணும்மா. நானே அவுத்து உடறேன்."