வட்டத்துக்குள் ஒரு கை

காற்று கீழ்நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

மஹாந்தேஷ் கண்ணாடியைக் கழற்றி லுங்கி நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தான். லேப்டாப் திரையில் ஒரு வெள்ளை வட்டம், அதன் நடுவில் கறுப்பாய் ஒரு ஓட்டை, பார்ப்பதற்கு அச்சு அசல் உளுந்து வடை. கொல்லையில் நிற்கும் தொலைநோக்கியை ஒரு நட்சத்திரத்தின் மேல் வைத்து வேண்டுமென்றே ஃபோகஸைக் கலைத்தால் இப்படித்தான் தெரியும். அந்த வட்டம் வேறொன்றுமில்லை, தொலைநோக்கிக் குழாயின் திறந்த வாய். வாய்க்கு முன்னால் காற்று எப்படி அசைகிறதோ அப்படியே வட்டத்தின் மேல் நெளியும். பல்லாரியில் ஏப்ரல் மாதத்தில் நெளியாவிட்டால்தான் அதிசயம். பகலெல்லாம் வெயிலைக் குடித்த பாறைக்குன்றும் பக்கத்து வீட்டு மொட்டைமாடியும் பொழுது சாய்ந்ததும் அதைக் கக்க ஆரம்பிக்கும், சூடு மேலே மேலே போகும். பதினோரு வருடமாக அவன் கண்டது அதைத்தான்.

இன்றைக்கு நெளிவு வட்டத்தின் மேல் விளிம்பிலிருந்து கீழே வழிந்தது.

"சௌபாக்யா! கேமராவைத் தலைகீழா மாட்டிட்டியா?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக் கத்தினான்.

கொசுவலை அடித்த ஜன்னலுக்கு அப்பால் கொல்லையைக் குளியலறைச் சுவர் மறைத்தது. அந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து, அந்த ஊரில் கணவனைக் கூப்பிடும் 'ரீ'யோடு அவன் மனைவியின் குரல் வந்தது. "நெயில் பாலிஷ் பொட்டு மேல இருக்கணும்னீங்க, மேலதான் இருக்கு. என் நெயில் பாலிஷ் ரீ அது, எனக்குத் தெரியாதா?"

"சரி சரி, கோச்சுக்காத."

"பன்னெண்டு ரொட்டி தட்டிட்டு வந்து நிக்கறேன். வானத்துல இருக்கிற உங்க வியாழனுக்கும் நாலு எடுத்து வைக்கட்டுமா?"

அவன் சிரித்துவிட்டான். நாற்பது நாளைக்கு முன்னால் இதே குழாயைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது வழுக்கி விழுந்தான். குழாய்க்கு ஒரு கீறல் இல்லை. தொடை எலும்புதான் இரண்டு துண்டு. உள்ளே கம்பி வைத்துத் தைத்த டாக்டர், இன்னும் ஒரு மாதம் கால் தரையில் படக் கூடாது என்று சொல்லியிருந்தார். அன்று முதல் குளிப்பாட்டுவது, கட்டிலில் தூக்கி உட்காரவைப்பது, ராத்திரி இரண்டு முறை புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் சௌபாக்யாதான். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவள் இல்லையென்றால் ஒரு வாய்த் தண்ணீர்கூட இல்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும், அதை அவளிடம் சொன்னதுதான் இல்லை.

எட்டு மணிக்கு வியாழனின் மேல் அதன் நிலா ஒன்றின் நிழல் விழும், அதைப் படம் பிடிக்க வேண்டும். காற்று இப்படிக் கொதிக்கிற ஊரில் ஒற்றைப் படம் எடுத்தால் கலங்கிய குழம்புதான் கிடைக்கும். அதனால் வீடியோவாகப் பத்தாயிரம் படம் எடுத்து, காற்று ஒரு கணம் சும்மா நின்ற ஐந்நூறை மட்டும் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். அவன் புலம்பல் தாங்காமல் சௌபாக்யாவே இன்று மாலை தொலைநோக்கியைக் கொல்லையில் நிறுத்தி, ஜன்னல் வழியாக ஒயரை அவனிடம் நீட்டியிருந்தாள். பக்கத்து வீட்டு சாரதம்மா, "உங்க வீட்டு வானத்தைத் தெருவே கேக்குதே" என்று ஒரு தடவை குத்திக்காட்டியதிலிருந்து அவளுக்குக் கத்திப் பேசவே கூச்சம். அதனால் இன்று ஒரு ஏற்பாடு, ஆமாம் இல்லை என்று முடிகிற கேள்விக்கு அவள் குழாயின் வாய்க்கு முன்னால் விரலைக் காட்டுவாள். ஒரு விரல் என்றால் ஆமாம். இரண்டு விரல் என்றால் இல்லை.

"கையைக் காட்டு, காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்கறேன்."

வட்டத்துக்குள் அவள் கை நிழலாக வந்தது. சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிய சுண்டுவிரல் கொக்கி மாதிரி வளைந்திருந்தது. ரொட்டி தட்டிய கையின் சூடு ஐந்து விரல் நுனியிலிருந்தும் கற்பூரச் சுடர் போல மேலே எழுந்தது.

மேலே. அப்படியானால் கேமரா சரியாகத்தான் இருக்கிறது.

கை விலகியது. நெளிவு மறுபடி கீழே வழிந்தது. ஐஸ்கட்டியைத் தூக்கிப் பிடித்தால்தான் அதிலிருந்து குளிர்ந்த காற்று இப்படி இறங்கும். குழாயின் வாய்க்கு மேலே குளிர்ந்த ஏதோ ஒன்று இருக்கிறது.

"அங்க ஏதாவது சில்லுனு இருக்கா?"

இரண்டு விரல்.

அப்போதுதான் கரண்ட் போயிற்று. மற்ற நாளாக இருந்தால் மஹாந்தேஷ் கைதட்டியிருப்பான், தெருவிளக்கு அணைந்தால் வானம் இன்னும் கறுக்குமே. பேட்டரியில் ஓடும் லேப்டாப் மட்டும் மிஞ்சியது. பக்கத்து வீட்டு டிவி பாதி வசனத்தில் நின்றது. சாரதம்மா வீட்டார் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு காற்று வாங்க வாசல் பக்கம் போகிற சத்தம் கேட்டது, தெருவே அப்படித்தான் வாசலுக்குப் போகும். கொல்லைப்பக்கம் முழுக்க ஓய்ந்துபோயிற்று. ஜன்னல் வலை வழியாக ஈரக் கல்லின் வாசனை வந்தது. மழை பெய்து ஐந்து மாதமாகிறது.

வட்டத்துக்குள் மீண்டும் ஒரு கை வந்தது.

"எடு சௌபாக்யா. பாத்தாச்சு."

"எதை எடுக்க? நான் ஸ்டூல்ல உக்காந்து கொசு அடிச்சிட்டிருக்கேன்."

விரல்கள் நீளமாக, நேராக இருந்தன. சுண்டுவிரலும் நேராக இருந்தது. ஐந்து நுனியிலிருந்தும் காற்று கீழே சொட்டியது.

உள்ளே ஓடி வா என்று அவன் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் சாகும்வரை நினைத்து நினைத்து வேகப்போகிறான். ஆனால் பதினோரு வருடப் பழக்கம் லேசில் விடுமா? தப்பு எங்கே என்று ஒரு தடவை சோதித்துப் பார்க்காமல் அவனால் எதையும் நம்ப முடியாது.

"இன்னொரு தடவை உன் கையைக் காட்டு."

"ஐயோ, உங்களோட ஒரே ரோதனை." ஸ்டூல் நகர்ந்தது. வளைந்த சுண்டுவிரலோடு அவள் கை வட்டத்துக்குள் வந்தது, சூடு மேலே எழுந்தது.

மற்றக் கை போகவில்லை. மெல்லத் திரும்பியது. அவள் விரல்களுக்கு நடுவே தன் விரல்களை ஒவ்வொன்றாக நுழைத்தது.

"ரீ, என் கையை..."

அதோடு அவள் குரல் நின்றது. ஓடும் சத்தமில்லை. விழும் சத்தமில்லை.

"சௌபாக்யா! உள்ள வா!"

வட்டத்துக்குள் அவள் கை மட்டும் மிஞ்சியிருந்தது.

"உனக்கு ஒண்ணும் இல்லையே?"

இரண்டு விரல்.

"வர முடியுமா?"

இரண்டு விரல்.

அவன் காலைத் தரையில் ஊன்றினான். தொடைக்குள் கம்பி திருகியது, கண் இருட்டியது, கட்டிலிலேயே சாய்ந்தான். சாரதம்மா, சாரதம்மா என்று தொண்டை கிழியக் கத்தினான். வாசலில் யாரோ சிரித்தார்கள். அங்கே கேட்கவில்லை. அவன் போன் ஹாலில் இருந்தது. பத்தடி தூரம். அந்தப் பத்தடி அவனுக்கு இல்லை. அவன் அழுதான், வெட்கமில்லாமல், வாய்விட்டு.

திரையில் அவள் விரல்களிலிருந்து எழுந்த சூடு நூலாக மெலிந்துகொண்டிருந்தது.

பின்கதவு திறந்தது.

செருப்பைக் கழற்றும் சத்தம். சமையலறையில் காலடி. வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற அவளுடைய அதே நடை. அவனுக்கு உயிர் திரும்பி வந்தது.

"வந்துட்டியா? அப்பாடா. வந்துட்டியா தாயே?"

"வந்துட்டேன் ரீ."

அவள் குரல்தான். இருட்டில் அவனுக்குப் பின்னால் வந்து நின்றாள். ரொட்டி மாவு வாசனை இல்லை. ஈரக் கல்லின் வாசனை அறை முழுக்க இருந்தது. அவன் பிடரியில் ஒரு கை வந்து உட்கார்ந்தது, ஐஸ் மாதிரி. அங்கிருந்து குளிர் முதுகுவழியே கீழே இறங்கியது.

அவன் திரும்பவில்லை. திரையைப் பார்த்தான். வட்டத்துக்குள் வளைந்த சுண்டுவிரலோடு அந்தக் கை இன்னும் இருந்தது.

"சௌபாக்யா?" யாரைக் கேட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை. "நீதானா?"

"நான்தான் ரீ," என்றது பின்னால் நின்ற உருவம்.

திரையில் இரண்டு விரல் உயர்ந்தது.

"போதும், மூடிடலாமா?" என்று பின்னாலிருந்து அதே குரல் கேட்டது.

இரண்டு விரல். இரண்டு விரல்.

அவன் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு லேப்டாப் மூடியைப் பிடித்தது. ஐந்து விரலும் நேராக இருந்தன. மூடி மெதுவாக இறங்கியது. ஒடுங்கிக்கொண்டே வந்த வெளிச்சத்தில் அந்த இரண்டு விரல் அவனுக்காக இன்னும் நின்றுகொண்டிருந்தது. அவற்றின் நுனியிலிருந்து காற்று கீழே இறங்கத் தொடங்கியிருந்தது.