அடைபட்டவளின் ஜன்னல்

ரொட்டி விழுந்த சத்தம் கேட்கவில்லை.

சபீனா கம்பிகளுக்கிடையே போட்டது காய்ந்த ரொட்டித் துண்டு. கல்தரையில் விழுந்தால் டொக்கென்று கேட்டிருக்க வேண்டும். யாரோ உள்ளங்கையில் ஏந்திக்கொண்டதைப்போல் அது ஓசையின்றி மறைந்தது. எலியாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு எழுந்தாள். புர்கோஸ் நகரில் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் ஒன்பது வயது மகள் இரியா பிழைக்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டு, சந்தியாகோ செல்லும் யாத்திரைப் பாதையில் பதினொரு நாள் நடந்து இந்தப் பேராலயத்துக்கு வந்திருந்தாள். வடகோபுரத்தின் அடியில், தெருவைப் பார்த்த வெளிச்சுவரில் முழங்கால் உயரத்தில் இருந்த அந்தச் சின்ன ஜன்னலில் ரொட்டி போட்டுப் பெயர் சொல்வது வழக்கம் என்று வழியில் கேள்விப்பட்டிருந்தாள்.

பேராலயத்துக்குள் நுழைந்ததும் சாம்பிராணியும் ஈரக்கல்லும் மணத்தன. ஒரு பெரும் விலங்கின் விலா எலும்புகளைப்போல் தலைக்கு மேலே கல்வளைவுகள் கூடின. வண்ணக் கண்ணாடி வழியே நண்பகல் வெயில் சிவப்பும் நீலமுமாய்த் தரையில் சிந்தியிருந்தது. வடக்கு மூலையில் மட்டும் நிறமே விழவில்லை.

மெழுகுவர்த்தி விற்கும் கிழவி ஒப்துலியா நிமிர்ந்து பார்த்தாள். "ஜன்னல்ல பேர் சொன்னியா, பொண்ணே?"

"சொன்னேன்மா. இரியான்னு."

"ஆண்டவர் இளைப்பாற்றி தரட்டும். செத்து எத்தனை வருஷமாச்சு?"

"யாரு செத்தா? அவ என் மக. காய்ச்சல்ல கெடக்குறா."

ஒப்துலியாவின் கை மெழுகுவர்த்தியின் மேல் அப்படியே நின்றது.

"நடந்து நடந்து மூளையிலயும் கொப்புளம் வந்துடுச்சா உனக்கு? அங்க செத்தவங்க பேரைத்தான் சொல்லணும்!"

"எங்க ஊரு சான் ரோக் கோயில்ல சீக்காளி பேரைத்தான் சொல்லுவோம்..."

"இது உங்க ஊரு இல்ல." கிழவி குரலைத் தாழ்த்தினாள். "இந்தக் கோபுரம் கட்டக் கட்ட மூணு தடவை சரிஞ்சுது. அப்புறம் ஒருத்தி தானாவே சுவருக்குள்ள போயி நின்னு, கல்லை வச்சு அடைங்கன்னா. அன்னையிலேருந்து கோபுரம் அசையல. ஜன்னல்ல யார் பேரைச் சொல்றமோ, அவங்களத் தொணைக்குக் கூப்பிட்டுக்குவா. செத்தவங்கன்னா பரவால்ல."

கல்லுக்குப் பசி உண்டென்று கதை சொன்னால் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சிரிப்பார்கள். சபீனாவும் சிரிக்க முயன்றாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

கைபேசி அதிர்ந்தது. கணவன் தெல்மோ.

"சபீனா! காய்ச்சல் விட்டுருச்சு! எந்திரிச்சு உக்காந்துட்டா. பசிக்குதுங்குறா!"

அவளுக்குக் கண்ணீர் பொங்கியது. "போனை அவகிட்ட குடு."

"இரு... இரியா?" ஏதோ உருளும் ஓசை. கதவு திறக்கும் ஓசை. "இப்பதான் இங்க உக்காந்திருந்தா. சபீனா, கட்டில்ல ஆளக் காணோம். கதவுகிட்ட நான்தானே நின்னேன்..."

அவள் ஓடினாள். தூண்கள். நிழல். கதவு. வெயிலில் கண் கூசியது. தெருவில் ஒருவருமில்லை.

ஜன்னலருகே மண்டியிட்டாள். உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்தது. கூடவே மருத்துவமனை மருந்து வாசனை.

"இரியா?"



பிறகு, இருட்டிலிருந்து கம்பிகளுக்கிடையே ஒரு சின்னக் கை நீண்டது. உள்ளங்கை மேலே விரிந்திருந்தது. மணிக்கட்டில் ஊசி குத்திய இடத்தில் ஒட்டிய பஞ்சு.

"அம்மா, இன்னும் ரொட்டி இருக்கா? ரெண்டு பேருக்கும் பத்தல."

சபீனா அந்தக் கையைப் பற்றி இழுத்தாள். சுண்ணாம்பு படிந்த நீண்ட விரல்கள் உள்ளிருந்து மெல்ல வந்து, குழந்தையின் மணிக்கட்டின்மேல் ஒவ்வொன்றாய் மடிந்தன.