செத்தவர் சொன்ன ஆல் இன்!

"ஆல் இன்!"

சொன்னது பாக்கியராஜின் வாய்.

அடுத்த விநாடி அதே வாய் மேஜையில் 'தட்'டென்று மோதியது. சிப்ஸ் நாலாபக்கமும் சிதறின. ஒரு கை மட்டும் தன் இரண்டு சீட்டுகளையும் பத்திரமாகப் பொத்திக்கொண்டிருந்தது.

"ஐயோ..!" என்று வீறிட்டாள் ஜெயமணி.

ஜூஜுவாடியில், கர்நாடக எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஓட்டல். ஏ.சி. ஹால். ஞாயிற்றுக்கிழமை மதியம், பிரியாணி செரிக்கிற நேரம். கொலைக்கு ஏற்ற நேரமே இல்லை!

ஒரு பெரிய கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர் ஹரீஷ்குமார். மெஷின்களுக்குப் பித்தளை புஷ் வளையம் கடைந்து தரும் ஆர்டருக்கு ஓசூர் பட்டறைக்காரர்களிடம் கொட்டேஷன் கேட்டிருந்தார். வந்த கொட்டேஷன் அத்தனையும் ஒரே ரேட். மனுஷன் யோசித்தார். போக்கர் டோர்னமென்ட் வைத்துவிட்டார்!

காசு கிடையாது. பிளாஸ்டிக் சிப்ஸ் மட்டும். கடைசிவரை தாக்குப்பிடிப்பவருக்கு ஆர்டர். சீட்டில் குறி வைத்தாலோ, எதையாவது தடவினாலோ அவுட்.

மிச்சம் இருந்தது நாலு பேர். இப்போது மூணே முக்கால் என்று சொல்லலாம்.

பிரவீனா தன் சீட்டுகளை மறுபடி பார்த்தாள். இரண்டு ராஜா! காலையிலிருந்து வராத சீட்டு, எதிராளி விழுந்த பிறகு வந்து என்ன பிரயோஜனம்? அப்பா விட்டுப்போன லேத் பட்டறை வேலையில்லாமல் கிடக்கிறது. இருந்த ஒரே ஆபரேட்டரும் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் வேலை தேடிக்கொண்டிருக்கிறான். இந்த ஆர்டரும் போனால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

"சார், அண்ணனுக்கு என்னமோ ஆயிடுச்சு. ஆட்டத்த நிறுத்துங்க!" என்றாள்.

சீட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஹரீஷ்குமார் தொண்டையைச் செருமினார்.

"இருக்கற சிப்ஸ் எல்லாம் பந்தயம்னு வாயால சொன்னா சொன்னதுதான் மேடம். ஆல் இன் சொல்லும்போது அவருக்கு உயிர் இருந்துச்சு. செல்லும்."

"அப்ப ஜோக்கர் எதுன்னு இப்பவாச்சும் சொல்லுங்க சார்..." என்றார் சென்றாயன்.

பேரிகையில் ரோஜா வளர்த்துக்கொண்டே பட்டறையும் நடத்துபவர். காலையிலிருந்து போக்கரை ரம்மியாகவே ஆடிக்கொண்டிருந்தார். கையில் இருப்பது இரண்டே சீட்டு. அதையும் இடம் மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணா! ஜோக்கர் கிடையாதுன்னு எத்தன தடவ சொல்றது? ஒரு ஆளு செத்துக் கெடக்கறாரு!"

"அதான் கேக்கறேன். அவரு செத்தா ஆட்டம் டிராப்பா, ஃபுல் கவுண்ட்டா?"

பிரவீனாவுக்குத் தலையை எங்காவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஜெயமணி அதற்குள் போனை எடுத்துவிட்டாள். பட்டறை ஆர்டருக்காக ஆட வந்தவள், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புருஷனிடம் போனில் ஆலோசனை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க... பாக்கியராஜ் அண்ணன் செத்துட்டாருங்க. நான் இப்ப சீட்ட விட்டுட்டு ஃபோல்டா, ஈடு கட்டி காலா? ...எங்கிட்ட ஒரு எட்டு, ஒரு மூணு."

"அக்கா! சீட்ட வெளிய சொல்லாதீங்க!"

"செத்தவருக்கா கேக்கப்போவுது?"

ஹரீஷ்குமார் போலீசுக்குப் போன் அடித்தார். எல்லைப் பகுதியில் போன் எந்த டவரைப் பிடிக்கும் என்பது போனுக்கே தெரியாது. கர்நாடகா எடுத்தது!

"ஹேளி..."

"சார்... இல்லி ஒப்பரு சத்தோகிதாரே... ஒருத்தர் செத்துட்டாரு..."

"பாடி எல்லிதெ? நம்ம கடெனா, தமிழ்நாடு பக்கமா?"

"ஜூஜுவாடி சார். தமிழ்நாடு."

"நம்ம லிமிட் அல்லா ரீ! கேட்டு திரும்பக் கூப்பிடறோம்" என்று கன்னடமும் தமிழுமாய்ச் சொல்லி வைத்துவிட்டார்கள்.

"யாராச்சும் மூச்சு இருக்கான்னு பாருங்களேன்" என்றார் ஹரீஷ்.

"நான் தொட மாட்டேன். கைரேக பதிஞ்சிரும்" என்று ஜெயமணி பின்வாங்கினாள்.

"எனக்கு பேரிகையில ரோஜா பறிக்கணும்..." என்று சென்றாயன் எழுந்தார்.

"உக்காருங்கண்ணா!"

பிரவீனாவின் குரலில் ஹால் அடங்கியது. பாக்கியராஜின் விரல்களைப் பார்த்தாள். அவர் ஏன் விழுந்தார் என்று அவளுக்குத் தெரியும்!

பாக்கியராஜிடம் ஒரு கெட்ட பழக்கம். விரலை நாக்கில் தொட்டுத்தான் சீட்டை எடுப்பார். ஒவ்வொரு சீட்டும் ஈரத்தோடு அடுத்தவர் கைக்கு வரும். காலையிலிருந்து எல்லோருக்கும் குமட்டல். சொல்லிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை நக்கினார்.

சாப்பாட்டு இடைவேளையில் மேஜையில் சீட்டுக்கட்டு தனியாக இருந்தது. பிரவீனாவின் பையில் மெஷின் துடைக்கும் வேஸ்ட் துணி. லேத் கூலன்ட் எண்ணெயில் ஊறியது. சீட்டு ஓரங்களில் ஒரே ஒரு இழுப்பு... அவ்வளவுதான் செய்தாள்.

கசந்தால் விட்டுவிடுவார் என்று நினைத்தாள். உயிரை விடுவார் என்று நினைக்கவில்லை!

வாயை மூடிக்கொண்டால் போதும். மீதி இரண்டு பேரையும் ஒரே ஆட்டத்தில் துடைத்துவிடலாம். ஆர்டர் அவளுக்கு. பட்டறை பிழைக்கும்.

பாக்கியராஜின் மேல்நோக்கிய காதைப் பார்த்தாள். பாவமாக இருந்தது. அழுகை வந்துவிட்டது.

"சார்... நான்தான் கொன்னேன்!"

"என்னது..?"

"சீட்டுல கூலன்ட் தடவுனேன். அவரு நக்கறது தாங்கல சார். சத்தியமா சாவடிக்கணும்னு இல்ல..."

சென்றாயன் தொப்பென்று உட்கார்ந்தார். சீட்டு அடுக்குவதை முதல் முறையாக நிறுத்தினார்.

"நீயில்லம்மா. நான்! ரோஜாவுக்கு அடிக்கற வேப்பெண்ண வண்டியில இருந்துச்சு. சாப்புடறப்ப வந்து தடவிட்டுப் போய்ட்டேன்."

"நீங்க ரெண்டு பேரும் இல்ல!" ஜெயமணி மாரில் அடித்துக்கொண்டாள். "தயிர்பச்சடியில கெடந்த பச்ச மொளகாய எடுத்து நான்தான் தேச்சேன்... ஏங்க, லைன்லதான் இருக்கீங்களா? நான் கொல பண்ணிட்டேங்க!"

மறுமுனையில் லைன் கட்டானது.

ஹரீஷ்குமார் கையிலிருந்த சீட்டுக்கட்டைப் பார்த்தார். மெல்ல மேஜையில் வைத்தார். விரல்களை பேன்ட்டில் துடைத்தார்.

அப்போது மேஜையில் கிடந்த அவருடைய போன் அலறியது.

யாரும் தொடவில்லை.

தொட்டது... பாக்கியராஜின் கை!

"ஹலோ... போலீசா? ஹௌது சார்... பாடிதான் பேசறேன்!"

ஜெயமணி போட்ட கூச்சலில் பிரியாணி பரிமாறியவர்கள்கூட ஓடி வந்தார்கள்.

பாக்கியராஜ் நிமிர்ந்தார். உதடு வீங்கியிருந்தது. கண்ணில் மிளகாய்த் தண்ணீர். ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

"எண்ண, மொளகா, கூலன்ட்... நாக்குதான் செத்துப்போச்சு. ஆளு சாவல! யாரு வேலன்னு தெரியணுமே. அதான் படுத்தேன். ஹரீஷ் சார், காலையில ஒரு ரூல் சொன்னீங்களே? சீட்டுல எதையாச்சும் தடவுனா?"

"அவுட்" என்றார் ஹரீஷ் வேறு வழியில்லாமல்.

"மூணு பேரும் உங்க முன்னாடியே ஒத்துக்கினாங்க. மூணும் அவுட்! ஆர்டர குடுங்க!"

பிரவீனாவுக்குக் கோபம் வந்ததா, நிம்மதி வந்ததா? இரண்டும் வந்தன. கொலைகாரி இல்லை. பட்டறையும் இல்லை. இரண்டு ராஜாக்களையும் கவிழ்த்து வைத்துவிட்டுப் பையை எடுத்தாள்.

ஹரீஷ்குமார் ஆர்டரை நீட்டினார். கொடுத்த வேகத்தில் கதவுப் பக்கம் நகர்ந்தார். பாக்கியராஜ் படித்தார். சிரிப்பு நின்றது.

"சார்... மொத லாட் நாளைக்குக் காலையிலயா?"

"ஆமா."

"இவ்ளோ புஷ்ஷா? நாலு பட்டறை விடிய விடிய ஓட்டுனாத்தான் ஆவும்!"

"தரலைன்னா எங்க கம்பெனியில புரொடக்‌ஷன் லைன் நிக்கும். லைன் நின்னா நஷ்டம் உங்க தலையில. நேரா கேட்டா இந்த ஆர்டர எவன் எடுப்பான்? போட்டி வெச்சாத்தானே அடிச்சிக்கினு வாங்குவீங்க!"

கதவு சாத்தப்பட்டது. கார் கிளம்பும் சத்தம்.

பாக்கியராஜின் முகம் வெளிறியது. இந்தத் தடவை நடிப்பு இல்லை. வியர்வையே சாட்சி.

"சென்றாயண்ணா... ஜெயமணி... பிரவீனாம்மா! எல்லாரும் சேந்து ஓட்டலாம். கைய விட்றாதீங்க!"

பிரவீனா வாசலில் நின்றாள். ஆபரேட்டருக்கு போன் போட்டாள்.

"சுபாஷ்! அத்திப்பள்ளி போவாத. ஷட்டரத் தூக்கு. லேத் ஓடப்போவுது!"

பிறகு திரும்பி ரேட்டைச் சொன்னாள். கொட்டேஷனில் எழுதியதைப்போல இரண்டு பங்கு!

மற்ற இருவரும் உடனே தலையாட்டினார்கள். எங்களுக்கும் அதே ரேட்!

"அடப்பாவிகளா! கொஞ்சம் பாத்துப் போடும்மா..." என்று கெஞ்சினார் பாக்கியராஜ்.

பிரவீனா புன்னகைத்தாள்.

"செத்தவங்க பேரம் பேசக்கூடாதுண்ணா!"